பொறுமை சார் அனுப்பிய மெயில்

“உங்களை எவ்வளவு நம்பினேன்! இப்படித் தலையில கல்லைத் தூக்கிப் போட்டுட்டீங்களேம்மா!”

முதலாளியின் குரல் வாசல்வரை கேட்டது. அப்போதுதான் உள்ளே நுழைந்த பொறுமை சார் வாசலிலேயே நின்றுவிட்டார்.

முதலாளி எதிரில் அக்கா தலைகுனிந்து நின்றாள். சோதனைப் பிரிவில் இருப்பவள். ஆபீஸில் எல்லோருக்கும் அவள் அக்காதான்.

‘போச்சு, நம்ம மெயிலைப் படிச்சுட்டாங்க’ என்று நினைத்துக்கொண்டார் பொறுமை சார்.

விஷயம் இதுதான். யாராவது கோபத்தில் மெயில் எழுதினால் கண்டுபிடித்துவிடும் கருவி ஒன்றுக்குக் கம்பெனி காப்புரிமை வாங்கியிருந்தது. கீபோர்டுக்கு அடியில் மெல்லிய சென்சார் பட்டை. எழுத்துகளை ஓங்கித் தட்டினால் அது உணர்ந்துகொள்ளும். மெயிலை ஒரு மணி நேரம் பிடித்துவைத்து, ‘நிஜமாகவே அனுப்பணுமா?’ என்று கேட்கும். ஆபீஸ் மெயில்களெல்லாம் இப்போது அக்கா கவனிக்கும் மெஷினில் ஒரு நிமிஷம் தங்கித்தான் போய்க்கொண்டிருந்தன.

ஆறு வருட உழைப்பு. குழுத்தலைவர் பொறுமை சார்தான். அந்தப் பட்டப்பெயரும் அதனால் ஒட்டிக்கொண்டதுதான். ஆனால் அவர் மேஜையில் மட்டும் பட்டை கிடையாது. “எனக்கெதுக்குப்பா? நான் என்ன கோவக்காரனா?” என்று சிரித்தபடி, கருவி கண்காணிக்கும் பட்டியலிலிருந்து தன் பெயரை விலக்கிக்கொண்டவர் அவர்.

நேற்று மதியம் காப்புரிமைப் பத்திரம் வந்தது. கண்டுபிடித்தவர்கள் என்ற இடத்தில் முதல் பெயர் அக்காவுடையது. அதற்குக் கீழேதான் இவருடையது.

“என்ன சார், அக்கா உங்களை ஓவர்டேக் பண்ணிட்டாங்க போல!” என்று யாரோ கிண்டலடித்தார்கள். அவ்வளவுதான், இருந்த பொறுமையெல்லாம் பறந்துவிட்டது. உட்கார்ந்து ஓங்கி ஓங்கித் தட்டினார். ‘என் உழைப்பைத் திருடித் தன் பெயரை மேலே போட்டுக்கொண்ட ஒருத்தியைப் பற்றி...’

முதலாளி உட்பட நாற்பது பேருக்கும் அனுப்பினார். போனை அணைத்தார். பஸ் ஏறிவிட்டார்.

பஸ்ஸில்தான் பத்திரத்தின் நகலை முழுசாகப் படித்தார். கடைசிப் பக்கத்தில் அக்காவைப் பற்றி ஒரு வாக்குமூலம். ‘சென்சார் பட்டை என்ற மூல யோசனை அவருடையது. அது இல்லாமல் இந்தக் கண்டுபிடிப்பே இல்லை.’ கீழே கையெழுத்து சாட்சாத் இவருடையது. மூன்று வருடத்துக்கு முன்னால் போட்டுவிட்டுச் சுத்தமாக மறந்திருந்தார். வெட்கத்தில் மனுஷனுக்குக் காது சுட்டது.

காலையில் முதல் வேலையாக அக்காவிடம் மன்னிப்புக் கேட்பது என்ற முடிவோடுதான் வந்தார். அதற்குள் இந்தக் கூச்சல்.

முதலாளி இவர் பக்கம் திரும்பினார்.

“வாங்க சார், உங்க குழு லட்சணத்தைப் பாருங்க! நேத்து நாலு பன்னிரண்டுக்கு மெயில் மெஷினையே நிறுத்திட்டாங்க. ஏழு மணி வரைக்கும் ஒரு மெயில் உள்ள வரல, வெளிய போகல. வாடிக்கையாளரெல்லாம் என்னைப் பிடிச்சு உலுக்குறாங்க!”

பொறுமை சாருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அப்படியானால் அந்த மெயில் யாருக்கும் போகவில்லை. தப்பிச்சோம்டா சாமி!

“ஏம்மா நிறுத்தினீங்க?” என்றார் முதலாளி.

“ஒரு சோதனை பண்ணினேன் சார். தப்பாயிடுச்சு.”

“குழுத்தலைவரைக் கேட்டீங்களா?”

“இல்ல சார். அவருக்கு ஒண்ணும் தெரியாது.”

எல்லோரும் பொறுமை சாரையே பார்த்தார்கள். ஏதாவது சொல்லியாக வேண்டும். மன்னிப்புக் கேட்க வந்த வாயிலிருந்து உபதேசம் வந்தது.

“எதையும் ஒரு நிமிஷம் யோசிச்சுச் செய்யணும்மா. இதைத்தானே நம்ம கருவியே சொல்லுது?”

“சரிங்க சார்” என்றாள் அக்கா.

“மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுங்க. பதவி உயர்வு இந்த வருஷம் கிடையாது” என்று சொல்லிவிட்டு முதலாளி தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டார்.

பொறுமை சார் நிம்மதியாகப் போய் உட்கார்ந்து கம்ப்யூட்டரைத் திறந்தார்.

‘போகாமல் திரும்பிய மெயில்: ஒன்று. அனுப்பிய நேரம்: 4.11.’ அதன் கீழே, கருவிக்காக அவரே எழுதிக்கொடுத்த, திரும்பும் மெயிலிலெல்லாம் வரும் கேள்வி. ‘நிஜமாகவே அனுப்பணுமா?’

நாலு பதினொன்று. மெஷின் நின்றது நாலு பன்னிரண்டு.

இரண்டையும் மாற்றி மாற்றி மனதுக்குள் சொல்லிப் பார்த்தார். பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் போலிருந்தது. யாருக்கு உபதேசம் பண்ணினோம் என்று நினைக்க நினைக்க உடம்பு கூசியது.

எழுந்து போனார். அக்கா மன்னிப்புக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தாள்.

“அக்கா...” என்றார். இத்தனை வருடத்தில் அவர் அவளை அப்படிக் கூப்பிட்டதே இல்லை. “படிச்சீங்களா?”

“முதல் வரி மட்டும் சார்.”

அவர் அவள் முன்னாலிருந்த காகிதத்தை எடுத்தார்.

“இதை நான் எழுதறேன். நடந்ததை நடந்தபடி எழுதி முதலாளிகிட்ட நானே கொடுக்கறேன்.”

“எதுக்கு சார்? விடுங்க.”

“இல்லக்கா. எனக்கு ஒண்ணுதான் புரியல. என் மெயிலை மட்டும் நிறுத்தியிருக்கலாமே? எல்லாத்தையும் நிறுத்தி ஏன் இவ்வளவு பேச்சு வாங்கணும்?”

அக்கா பேனாவை மூடியபடி மெதுவாகச் சொன்னாள்.

“நம்ம கருவி உங்களைத் தவிர எல்லாரையும் நிறுத்தும் சார். உங்க ஒருத்தரை நிறுத்தணும்னா, மொத்த ஆபீஸையுமே நிறுத்த வேண்டியதாப் போச்சு.”