முதல் பாடம் வீட்டுப் பாதுகாப்பு

பூட்டை உடைப்பது ஸ்டான்லிக்குப் பெரிய வேலையே இல்லை. உள்ளே போனபின் நகையைத் தேடுவதுதான் உயிரை வாங்கும். பீரோவைத் திறந்தால் பட்டுப்புடவை இருக்கும். நகை பருப்பு டப்பாவிலோ பழைய தலையணை உறையிலோ நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருக்கும். நம் பெண்கள் ஒளித்துவைக்கும் இடம் கட்டிய கணவனுக்கே தெரியாது. ஸ்டான்லி எம்மாத்திரம்?

ஏஐ சாட்பாட்டிடம் சனங்கள் மனசில் உள்ளதையெல்லாம் கொட்டுகிறார்கள் என்று டீக்கடையில் கேள்விப்பட்டிருந்தான். அதனால்தான் 'ஏஐ தொடக்கநிலைப் பயிற்சி, அனுமதி இலவசம்' என்ற நோட்டீஸைப் பார்த்ததும், ஞாயிறு காலை ஊரப்பாக்கம் கல்யாண மண்டபத்துக்கு முதல் ஆளாக வந்துவிட்டான்.

இன்னும் ஒரே ஒரு வீடு. அதோடு தொழிலுக்கு முழுக்கு. மாமல்லபுரம் கடற்கரையில் மனைவி மேரிக்கு ஒரு மீன் வறுவல் கடை போட்டுக் கொடுத்துவிடலாம். புருஷன் ஏதோ கம்பெனியில் செக்யூரிட்டி வேலை பார்ப்பதாகத்தான் பாவம், மேரி இதுவரை நம்பிக்கொண்டிருக்கிறாள்.

வாசலில் இருந்த பதிவேட்டில் 'ஜான்சன், திருக்கழுக்குன்றம்' என்று கை கூசாமல் எழுதினான்.

வந்தவர்கள் முப்பது பேர். பயிற்சி கொடுக்க வந்த பிரபாவுக்கு இருபத்தைந்து வயதிருக்கும். பேச்சு அவ்வளவு பதவிசு. ஆளுக்கொரு டேப்லெட்டைக் கையில் கொடுத்தாள்.

"டைப் பண்ணத் தெரியலைன்னு கவலைப்படாதீங்க. மைக் படத்தை அமுக்கிட்டுப் பேசினாப் போதும். இப்பல்லாம் திருட்டு அதிகம், அதனால முதல் பாடம் வீட்டுப் பாதுகாப்பு. உங்க வீட்டைப் பத்தி விவரமாச் சொல்லி, பத்திரமா இருக்கான்னு கேளுங்க."

ஸ்டான்லி சிரிப்பை அடக்கிக்கொண்டு காதைத் தீட்டிக்கொண்டான்.

பக்கத்து நாற்காலியில் ரேணுகா. அவள் புருஷன் குமார் அடுத்ததில். ரேணுகா டேப்லெட்டைக் கும்பிட்டுவிட்டு ஆரம்பித்தாள். "வணக்கம் சார், நாஸ்தா ஆச்சா? எங்க வூடு ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்னால, பிள்ளையார் கோயிலை ஒட்டுன மாடி வூடு சார். நகையெல்லாம் அரிசி டிரம்முக்கு அடியில கீது. நாளைக்கு எல்லாரும் ஒரு கல்யாணத்துக்குப் போறோம். பரவால்லியா சார்?"

பேங்க் லாக்கர்தான் நல்லது என்றது டேப்லெட். இந்த விவரங்களை யாரிடமும் சொல்லாதீர்கள் என்றும் எச்சரித்தது.

"உங்க கிட்ட மட்டும்தானே சார் சொன்னேன்" என்றாள் ரேணுகா.

நாளைய வேலை இந்த வீட்டில்தான் என்று ஸ்டான்லி மனசுக்குள் குறித்துக்கொண்டபோது பிரபா வந்து நின்றாள்.

"நீங்க ஒண்ணுமே பேசலையே சார்?"

"இன்னா சொல்றதுன்னு யோசிச்சிகினு கீறேன்மா."

"உண்மையைச் சொல்லுங்க. இதுகிட்ட பொய் சொன்னா பதிலும் பொய்யாத்தான் வரும்."

நாற்காலியை மூலைக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு, ஒப்புக்கு ஒரு வார்த்தை சொல்லலாம் என்றுதான் ஆரம்பித்தான். மேரியிடமும் சொல்லாமல் பாதிரியாரிடமும் சொல்லாமல் இத்தனை வருஷம் நெஞ்சில் வைத்திருந்தது மடை திறந்த மாதிரி வந்துவிட்டது.

"சார், என் பேரு ஸ்டான்லி. மறைமலைநகர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால, பச்சை கேட்டு வூடு. எட்டு வூட்டு நகையை மாடித் தண்ணித் தொட்டிக்குள்ள டப்பாவுல போட்டு வெச்சிகீறேன். மேரிக்குத் தெரியாது. அது சர்ச்சுக்குப் போயிக்கீது. பத்திரமா இருக்குமா சார்?"

"அது உங்கள் பொருள் இல்லையே ஸ்டான்லி. ஒரு வக்கீலைப் பாருங்கள். உரியவர்களிடம் திருப்பிக் கொடுத்தால் உங்கள் மனசும் லேசாகும்."

இவ்வளவு மரியாதையாக அவனை யாரும் திட்டியதில்லை. ஸ்டான்லிக்குக் கண் கலங்கிவிட்டது. துடைத்துக்கொண்டு, ரேணுகா வீட்டுக்கு எந்தச் சந்து வழியாகப் போகலாம் என்று யோசிக்க ஆரம்பித்தான்.

பதினொரு மணிக்கு பிரபா டேப்லெட்டுகளை வாங்கிப் பைக்குள் அடுக்கினாள். ஆளுக்கொரு லெமன் சாதப் பொட்டலம் கொடுத்தாள். "சர்டிபிகேட் பிரிண்ட் எடுத்துட்டு வந்துடறேன். வாங்காம யாரும் போயிடாதீங்க."

சர்டிபிகேட் என்று சொல்லிவிட்டால் நம் சனங்களை இடத்தை விட்டுக் கிளப்ப முடியுமா? ஒருவரும் அசையவில்லை. ஸ்டான்லியும்தான். எட்டாவதில் ஃபெயிலானதோடு சரி, அப்புறம் யாரும் அவனுக்கு ஒரு காகிதம் கொடுத்ததில்லை. ஜான்சன் என்று இருந்தால்தான் என்ன?

இரண்டு மணிக்குக் குமாரின் போன் அடித்தது. வீட்டுப் பூட்டு உடைந்திருக்கிறதாம், கூடமெல்லாம் அரிசியாம். ரேணுகா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். நாளைக்கென்று வைத்திருந்ததை எவனோ இன்றைக்கே அடித்துவிட்டானே என்று ஸ்டான்லிக்கும் வயிறு எரிந்தது. அடுத்த அரைமணியில் இன்னும் ஐந்து பேருக்குப் போன் வந்தது.

ஏட்டு தர்மராஜ் வந்து, வாசல் பதிவேட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொருவராகப் பேர் கேட்டார். "நகை இருக்கிற இடத்தை யார்கிட்டம்மா சொன்னீங்க?"

"யார்கிட்டயும் சொல்லல சார். டேப்லெட்டு கிட்டதான் சொன்னோம்."

"அது எங்க?"

எல்லாரும் சர்டிபிகேட் எடுக்கப் போன பிரபா இன்னும் திரும்பாத வாசலைப் பார்த்தார்கள். அப்போது ஸ்டான்லியின் போன் அடித்தது. மேரி.

"இன்னாய்யா, தொட்டி கழுவ நீயா ஆள் அனுப்பிச்ச? எவனோ ரெண்டு பேரு வந்து மொத்தத் தண்ணியையும் தொறந்து உட்டுட்டுப் போயிக்கீறானுங்க."

"தொட்டியையா?" என்று ஸ்டான்லி கத்திவிட்டான். ஏட்டு பேனாவோடு திரும்பினார். "உங்க வூட்லயுமா ஜான்சன்? இன்னா இன்னா போச்சுன்னு ஒண்ணு விடாம சொல்லு, எழுதிக்கிறேன்."

"நகையெல்லாம் ஒண்ணும் இல்ல சார்" என்றான் ஸ்டான்லி. "தொட்டியில கொஞ்சம் தண்ணி, அவ்ளோதான்."