பழைய மாடல்களை அறிந்தவர்

கிழக்கு தாம்பரம் பைக் ஷோரூமில் அந்த மாதம் ஒரு வண்டிகூட விற்காமல் திட்டு வாங்கிக்கொண்டிருந்த ஆல்வினுக்கு, பட்டாபிராமனைப் பார்த்ததும் தெம்பு வந்தது. அறுபது வயதுக்காரர், புது ஸ்போர்ட்ஸ் பைக்கில் கேம்ப் ரோடு வரை டெஸ்ட் ரைடு போய், முகமெல்லாம் சிரிப்பாகத் திரும்பியிருந்தார்.

“பிக்கப் எப்படி சார்?”

“அத விடுப்பா. முதல் மாடல ஸ்டார்ட் பண்ணாலே ஜன்னல் கண்ணாடி அதிரும். அடுத்த மாடல், கியர் மாத்தறப்பல்லாம் பட்டாசு மாதிரி வெடிக்கும். இது பூனை மாதிரி போகுதே!”

பழைய மாடல்களை இவ்வளவு கரைத்துக் குடித்த வாடிக்கையாளரை ஆல்வின் கண்டதில்லை. சத்தம் போதவில்லை என்று குறைப்படுகிறாரோ என்று பயந்துபோனான்.

“கவலையே படாதீங்க சார். வேற சைலன்சர் மாட்டினா தெருவே எழுந்துக்கும்.”

“ஐயையோ, அந்தப் பேச்சையே எடுக்காதே!” என்று பதறினார் பட்டாபிராமன். “பழைய வண்டிய எக்ஸ்சேஞ்சுல எடுத்துப்பீங்களா?”

“இன்னிக்கே எடுத்துக்கறோம் சார். வண்டிய வெளியில விட்டிருக்கீங்களா?”

“என்கிட்ட ஏதுப்பா பைக்? நான் வந்தது ஸ்கூட்டர்ல.”

“அப்போ யாரோட வண்டி சார்?” என்று கேட்ட ஆல்வினிடம், ஒரு பெயரையும் போன் நம்பரையும் எழுதி நீட்டினார்.

“கிரீஷ். எங்க மாடி வீட்டுப் பையன். தினமும் காலைல அஞ்சு மணிக்கு வண்டிய உறுமவிட்டுதான் மறைமலை நகருக்கு வேலைக்குப் போவான். அவனோட ரெண்டு வண்டியாலயும் நான் ஏழு வருஷமா தூங்கல. எப்படியாவது பேசி இத அவன் தலையில கட்டிடுப்பா. நான் வந்துட்டுப் போனத மட்டும் சொல்லிடாதே!”