வேலாயுதத்தின் விரதம்

“விரதமா? எத்தனை நாளைக்குங்க?”

“ஆயுசுக்கும். தண்ணீர்மலை முருகனுக்கு நேர்ந்துக்கிட்டேன். இனிமே நான் வெளி அறையிலதான் படுப்பேன்.”

பினாங்குத் துறைமுகத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்த வேலாயுதம் அப்படிச் சொல்லிவிட்டுப் பாயைச் சுருட்டிக்கொண்டு போய் ஒரு வருடமாகிவிட்டது.

அவர் மனைவி வடிவாம்பாளுக்கு ஐம்பத்திரண்டு வயது. தன் நரைத்த தலை அவருக்குக் கசந்துவிட்டதோ, வெளியே வேறு யாராவது இருக்கிறாளோ என்று நினைத்து நினைத்தே பாதியாகிப் போனாள். யாரிடம் போய்ச் சொல்வது? பேரன் எடுத்தவளுக்கு இன்னும் ஆசையைப் பார் என்று சிரிக்கமாட்டார்களா?

ஒரு வெள்ளிக்கிழமை, பொறுக்க முடியாமல் ரிக்‌ஷா பிடித்துத் தண்ணீர்மலைக்கே போனாள். ‘அந்த விரதத்தை நீயே முடித்துவை’ என்று முருகனிடம் மன்றாடிவிடுவதென்று படியேறினாள்.

சன்னிதியில் யாரோ விம்மும் சத்தம் கேட்டது. தூணோரம் நின்றுவிட்டாள்.

“முருகா, எல்லா வைத்தியனும் கையை விரிச்சிட்டான். என் ஆம்பிளைத்தனத்தைத் திருப்பிக் கொடுத்துடு. விரதம்னு பொய் சொல்லி இன்னும் எத்தனை நாளைக்கு அவளை ஒதுக்கி வைப்பேன்?”

வேலைக்குப் போவதாகச் சொல்லிக் கிளம்பிய வேலாயுதம்தான்.

அவர் கண்ணில் படாமல் இறங்கி வந்துவிட்டாள்.

அன்று இரவு தன் பாயையும் வெளி அறைக்குக் கொண்டுவந்து அவர் பாயை ஒட்டிப் போட்டாள்.

“என்ன இது? என் விரதம்...” என்று பதறினார் வேலாயுதம்.

“அது பாட்டுக்கு இருக்கட்டும். நானும் அதே முருகனுக்கு இன்னைக்கு ஒண்ணு நேர்ந்துக்கிட்டேன். உங்க கையைப் பிடிச்சுக்காமத் தூங்கறதில்லைன்னு.”