கூடத்தில் எழுந்த சுவர்

எப்போதோ இறந்துபோன பிரபு ஒருவரின் பழைய மாளிகையை ஒரு குடும்பம் விடுமுறை வீடுகளாக மாற்றியபோது, நீளக் கூடத்தின் குறுக்கே சுவர் எழுப்பி இரண்டு வீடாக்கச் சொன்னவள் சின்ன மருமகள். அதனால் புகாரெல்லாம் அவள் தலையிலேயே விடிந்தது.

“பக்கத்து வீட்டுல யாரோ டக் டக்குன்னு சுவர் வரைக்கும் வந்து, நின்னு, திரும்பிப் போறாங்க. மனுஷன் எப்படித் தூங்குறது?” என்று விருந்தினர்கள் பாதியிலேயே கிளம்பினார்கள். பக்கத்து வீடு காலியாகத்தான் இருந்தது.

“இன்னொரு குடும்பம் இப்படிப் போச்சுன்னா வீட்டை வித்துடலாம்னு மாமா சொல்லிட்டாரு” என்றாள் ஓரகத்தி. “செத்துப்போன பிரபு நடக்குற வழியில சுவர் வச்சா அவருக்குக் கோபம் வராதா, சொல்லு!”

“கிண்டல் பண்ணாதீங்கக்கா” என்றவள், மறுவாரமே அந்தச் சுவரில் ஒரு கதவு வைக்கச் செய்தாள்.

அடுத்த குடும்பம் வரவிருந்த மதியம், அவள் தனியாகப் படுக்கை விரிப்புகளை மாற்றிக்கொண்டிருந்தாள். காலியாகக் கிடந்த அந்தப் பக்கத்திலிருந்து யாரோ கதவைத் தட்டினார்கள். மரியாதையான தட்டல்.

தலையணை உறையை இறுகப் பிடித்தபடி அவள் சொன்னாள்: “வாங்க. தாராளமா நடங்க. சத்தம் மட்டும் வேண்டாம். எங்களுக்கும் இந்த வீட்டை விட்டா வேற போக்கிடம் இல்ல.”

பிறகு கதவுக்கு அப்பால், கனமான இரண்டு பூட்ஸ்களை ஒவ்வொன்றாகக் கழற்றித் தரையில் வைக்கும் சத்தம் கேட்டது.