சர்வேயர் வரைந்த வம்சாவளி

“தாத்தா எப்படிச் செத்தாரு பெரியப்பா?”

சர்வேயரின் பேனா நின்றது. சாப்பாட்டு மேசை முழுக்க விரித்திருந்த வெள்ளைத் தாளில், அவருடைய அப்பாவின் பெயருக்குக் கீழே மை ஒரு பொட்டாகப் பரவியது.

“கல்யாண ஹால்ல மாட்டற படம்னுதானே சொன்னே? அதுல சாவெல்லாம் எதுக்கும்மா?”

“படத்துல போட மாட்டேன். நம்ம வீட்டுக் கதை நமக்கே தெரியாமப் போயிடக் கூடாதில்ல? தனியா எழுதி வச்சுக்கறேன்,” என்றாள் தம்பி மகள். மடியில் நோட்டு தயாராக இருந்தது.

ஓய்வு பெற்று மூன்று வருடம் ஆகியும் தெருவுக்கு அவர் சர்வேயர்தான். அடுத்தவன் நிலத்தை ஒரு சாண் கூட்டியோ குறைத்தோ எழுதியதில்லை என்று மார்தட்டிக்கொள்வார். அந்தக் கையால்தான் காலையிலிருந்து ஸ்கேல் வைத்து நான்கு தலைமுறையைக் கோடு கோடாக இறக்கிக்கொண்டிருந்தார். இந்தக் கேள்வி வரும்வரை சந்தோஷமாகத்தான் இருந்தார்.

இப்போது பொறி தட்டியது. இவள் வேலை பார்க்கும் ஆபீசில்தான், தன் மகள் பாப்பாவுக்கு நிச்சயித்திருக்கும் மாப்பிள்ளையின் அக்காவும் இருக்கிறாள். ‘அந்த வீட்டு ஆளுங்க நாற்பதைத் தாண்ட மாட்டாங்களாமே’ என்று சம்பந்தி ஏற்கெனவே தரகரிடம் இழுத்திருந்தார். அதே பேச்சால் பாப்பாவுக்கு மூன்று வரன் தட்டிப்போயிற்று. அவளுக்கோ இருபத்தெட்டு முடிந்துவிட்டது. இதுவும் போனால், இனிமேல் கல்யாணப் பேச்சையே எடுக்காதீங்கப்பா என்று சொல்லிவிட்டாள். விஷயம் இப்படியிருக்க, சொந்தத் தம்பி மகளையே வேவு பார்க்க அனுப்பியிருக்கிறார்களே!

“மஞ்சள் காமாலை,” என்றார் சர்வேயர்.

உண்மையில் அப்பா முந்தின நாள் சாயங்காலம் வரை சீட்டாடிக்கொண்டிருந்தவர். காலையில் எழுந்திருக்கவில்லை. வயது முப்பத்தெட்டு.

“அத்தை?”

“பிரசவத்துல போயிட்டா.”

அக்கா மொட்டை மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தவள், கொடிக்குக் கீழேயே சரிந்தாள். இருபத்தொன்பது.

“அதுக்கு முன்னாடி மயக்கம் கியக்கம் ஏதாவது வந்துதா?”

“உன்னை யாருடி இதெல்லாம் கேக்கச் சொன்னது?”

“யாருமில்ல. சும்மாதான்,” என்று அவள் தலையைக் குனிந்துகொண்டாள். சர்வேயருக்கு இருந்த கொஞ்ச நஞ்ச சந்தேகமும் தீர்ந்தது.

“சரி, எங்கப்பா?”

 ஆபீசுக்குக் கிளம்பி ஷூ மாட்டக் குனிந்த தம்பி, அப்படியே அவர் காலடியில் விழுந்ததை இன்றுவரை அவர் மறக்கவில்லை. அப்போது இவளுக்கு மூன்று வயது; பயப்படுவாளே என்று பஸ்ஸில் அடிபட்டதாகச் சொல்லியே வளர்த்தார்.

“அதான் உனக்குத் தெரியுமே. பஸ் ஆக்சிடென்ட்.”

“நிஜமாவா?”

“உன்னை வளத்தவன்கிட்டயே நிஜமான்னு கேக்கறியா?”

ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாம் என்கிறார்கள். நாம் சொன்னது மூன்றுதானே, இன்னும் எவ்வளவோ பாக்கி இருக்கிறது என்று தன்னையே தேற்றிக்கொண்டார்.

அவளோ நோட்டை மூடிவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். “வயித்துல பாலை வார்த்தீங்க பெரியப்பா!”

டீ எடுத்து வந்த பாப்பா, நிலைப்படியில் சாய்ந்து நின்று எட்டிப் பார்த்தாள். “என் பக்கத்துல அவருக்கும் ஒரு கட்டம் விடுங்கப்பா. அப்புறம் இடமில்லேன்னு மூலையில தள்ளிடப் போறீங்க!”

மூன்று பேரும் சிரித்தார்கள்.

கல்யாணத்துக்கு ஒன்பது நாள் இருக்கும்போது, ஒரு காலையில் பாப்பா எழுந்திருக்கவில்லை.

கல்யாணத்துக்குச் சொல்லி வைத்திருந்த நாற்காலிகள் அன்றைக்கே வந்து வாசலில் இறங்கின. வந்தவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: நேத்து நல்லாத்தானே இருந்தா?  தம்பி மகளைக் கண்டதும் சர்வேயர் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு வெடித்தார்.

“சாபம்டி இது! எங்கப்பா, எங்கக்கா, உங்கப்பா, எல்லாரும் இப்படித்தானே போனாங்க. தூங்கினவங்க தூங்கினபடி, நின்னவங்க நின்னபடி. கடைசியில எம்பொண்ணையும் விட்டு வைக்கலியே!”

அவள் அழுகை சட்டென்று நின்றது.

“அப்ப எங்கப்பா... பஸ்ல அடிபடலையா?”

“இல்லம்மா. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க உன்னை விட்டு விசாரிக்கறாங்கன்னு நெனச்சேன். கல்யாணம் நின்னுடுமோன்னு பயந்து மாத்திச் சொல்லிட்டேன்.”

அவள் தன் தோளிலிருந்த அவர் கையை விலக்கினாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

“என்னை விசாரிக்கச் சொன்னது பாப்பாவோட டாக்டர், பெரியப்பா. ரெண்டு தடவை மயங்கி விழுந்திருக்கா, உங்ககிட்ட மூச்சு விடக் கூடாதுன்னு கெஞ்சினா. குடும்பத்துல யாராவது சின்ன வயசுல திடீர்னு போயிருந்தா நெஞ்சுல ஒரு கருவி வச்சுக் காப்பாத்திடலாம்னாரு டாக்டர். நீங்க சொல்லி நான் எழுதினதைப் படிச்சுப் பாத்துட்டுத்தான், ‘பயப்பட ஒண்ணுமில்ல, போய்க் கல்யாண வேலையைப் பாரும்மா’ன்னு அவளைத் திருப்பி அனுப்பினாரு.”