பாதத்துக்குத் தண்ணீர்

"அந்தத் தாம்பரத்துக்காரன் மட்டும் என் வூட்டு வாசப்படி மிதிக்கக் கூடாது" என்றார் வடிவேலு.

"நம்ம பொண்ணு மகாலட்சுமி இஷ்டப்பட்டுக் கட்டிக்கினவரு. அவரு நம்ம மாப்ளதானே?" என்றாள் அவர் மனைவி முத்தாலம்மாள்.

"நமக்கு மாப்ள பெருமாள் ஒருத்தர்தான். கெளம்பு!"

மாசி மகத்தன்று கடலாட வரும் பெருமாள், கடலில் பிறந்த லட்சுமியை மணந்ததால் அந்த மீனவர் குப்பத்துக்கு மருமகன். பல்லக்குத் தூக்கி வருகிறவர்களின் காலில் தண்ணீர் ஊற்றி, வீட்டுக்கு அழைத்துச் சோறு போடுவது வடிவேலு குடும்பத்து முறை. சுனாமிக்கு அடுத்த மாசியில்கூட அதை அவர் விடவில்லை.

டச்சுக் கோட்டைச் சுவரைத் தாண்டிப் பல்லக்கு வந்து நின்றது. வடிவேலு குடத்தோடு குனிந்து, ஒவ்வொருவர் காலிலும் மஞ்சள் தண்ணீர் ஊற்றிக்கொண்டே வந்தார். கடைசியில் ஒரு கால் கூசிப் பின்வாங்கியது.

"வேண்டாம் மாமா... நீங்க போய் என் கால்ல..."

நிமிர்ந்தார். பல்லக்குத் தண்டைச் சுமந்து நின்றான் கேஷவ், தாம்பரத்து மருமகன்.

வடிவேலு மறுபடி குனிந்தார்.

"தோள்ல சாமிய வச்சிகினு கால நகத்தாத" என்று அதட்டிவிட்டு, மிச்சத் தண்ணீர் முழுவதையும் அவன் காலில் ஊற்றினார். பிறகு மனைவியின் முகத்தைப் பார்க்காமலே, "இன்னொரு இலை போடணும்" என்றார்.

"நீ இந்தப் பக்கம் வந்ததும் உன் பொண்ணு வூட்டுக்குள்ள வந்துட்டா. அவதான் இலை போட்டுகினு கீறா" என்றாள் முத்தாலம்மாள்.