தார் போட்ட இடம்

என் வேலை நிற்பது. போர்க்காலத்தில் எடுத்த தெருப் புகைப்படம் எந்த இடத்தில் எடுத்தது என்று ஒரு கருவி சொல்லும். படத்தில் இருப்பவர் நின்ற இடத்தில் நான் போய் நிற்பேன். உயரமும் நிழலும் படத்தோடு ஒத்துவந்தால் கருவியில் பச்சை விளக்கு எரியும்.

தவமலர் கொண்டுவந்த படத்தின் பின்னால் இருந்த பெயரை எழுத்துக் கூட்டி வாசித்தேன். குகேந்திரன், அவருடைய தம்பி. படத்தில் சந்தை வீதியில் சைக்கிளோடு நின்றான். ஒரு செருப்பின் வாரைச் செப்புக் கம்பியால் கட்டியிருந்தான். படம் எடுத்த அன்று பின்னேரம் அங்கே ஷெல் விழுந்ததாம். அதன்பின் அவனை யாரும் காணவில்லை.

நான் போய் நின்றேன்.

"என்ர தம்பிக்கு இந்தத் தொந்தி இல்லை அண்ணை," என்று தவமலர் சிரித்தார்.

கருவி சிவப்பே காட்டியது. "இரண்டடி கீழே" என்றது.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. சண்டை முடிந்ததும் அந்தத் தெருவின் ஷெல் பள்ளங்களை மூடியவன் நான். தெருவையே மண் போட்டு உயர்த்தி, அதற்கு மேல் மூன்று தரம் தாரும் போட்டேன்.

அலவாங்கால் தாரை உடைத்து, மண்ணை அள்ளி, குழிக்குள் இறங்கி நின்றேன். பச்சை எரிந்தது.

கருவியின் திரையில், தம்பியின் படத்தோடு பொருந்தி நின்ற என்னைப் பார்த்த தவமலரின் சிரிப்பு நின்றது.

"குகன், இவ்வளவு காலமும் எங்கையடா போனனீ?"

காலில் ஏதோ குத்தியது. குனிந்தேன். மண்ணுக்குள் ஒரு செருப்பு வார், செப்புக் கம்பியால் கட்டியது.

"நான் எங்கையும் போகேல்லை அக்கா," என்றேன்.